ரோந்து முடிந்து வந்தவன்

எழிலரசி சமையலறை மேடையருகே நின்று கொத்தமல்லித் தழையை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடியிலிருந்து தீபக் இறங்கி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஹாலின் குறுக்கே நேராக நடந்து வந்திருக்கலாம். அவன் அப்படி வரவில்லை. சுவரை ஒட்டியே நடந்து, ஜன்னல் பக்கம் போய், அங்கே ஓரிடத்தில் காலை உயரத் தூக்கி எதையோ தாண்டி வைத்து, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

ஹாலின் நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் கார்பெட். அதன் மேல் மங்கிய காலை வெளிச்சம்.

"என்னடா, கீழ ஏதாவது கொட்டிக் கிடக்கா?"

"இல்லம்மா."

காபியை நீட்டினாள். வாங்கி இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். ஆவி போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடிக்காமல், சிந்திவிடுமோ என்று பயப்படுகிறவனைப் போல மெதுவாக மேடைமேல் வைத்தான். போகும்போதும் அதே வழி. சுவரோரம், ஜன்னல், தாண்டல், குனிதல்.

மாதக்கணக்கில் கப்பலுக்குள் அடைந்து கிடந்தவன், இடுக்கில் நடந்து நடந்து பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தீபக் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரி. அணு ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் மறைந்து திரிகிற நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் அவனுக்கு வேலை. சான் ரமோனில் அவர்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் சாஃப்ட்வேருக்கும் மெடிசினுக்கும் போனபோது இவன் மட்டும் நேவி ஸ்காலர்ஷிப்பில் படித்து, முடித்த கையோடு சீருடையில் வந்து நின்றான். அவன் அப்பா நெடுஞ்செழியன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரைப் போல அந்தக் கப்பலைப் பற்றிப் பேச ஆளே இல்லை என்றாகிவிட்டது.

"மிசைல் வெச்சிருக்கற சைலோ, ஏர்பேஸ், வாஷிங்டன், எல்லாத்தையும் ஒருத்தன் ஒரே அடியில காலி பண்ணிடலாம் சார்," என்று நண்பர் ஜம்புநாதன் வீட்டு பாட்லக் விருந்தில் தட்டும் கையுமாக நின்று விளக்குவார். "ஆனா கடல்ல எங்கியோ ஒரு கப்பல் இருக்கு. எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பேசவே பேசாது. காது மட்டும்தான். நாடே சாம்பலானாலும் அது ஒண்ணு போதும், திருப்பி அடிச்சிரும். அந்த பயத்துலதான் எவனும் முதல்ல கை வைக்கறதில்ல. நம்ம பையன் அங்க உக்காந்திருக்கறது சுடறதுக்கு இல்ல சார், யாரும் சுடாம பாத்துக்கறதுக்கு."

அன்று வீடு திரும்பும்போது காரில் எழிலரசி கேட்டாள். "நாம எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் யாருக்காகங்க திருப்பி அடிக்கணும்?"

நெடுஞ்செழியன் சிரித்தார். "அந்த நெலமையே வராது எழில். வராம இருக்கத்தான் அந்தக் கப்பலே."

கப்பல் ரோந்துக்குப் போய்விட்டால் மகனிடமிருந்து ஒரு வார்த்தை வராது. இங்கிருந்து நாம் எழுதலாம். அதையும் ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மனதைக் கலைக்கிற எதுவும் கடலுக்கடியில் போய்ச் சேராது. போன வருஷம் ஈரோட்டில் அவளுடைய அண்ணன் மணியன் தவறிப்போன சேதி, தீபக் கரையேறிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதுவரை தன் மாமா உயிரோடு இருக்கிற ஓர் உலகத்தில் அவன் இருந்திருக்கிறான்.

இந்த முறை அவன் சொன்ன காலத்துக்கு முன்பே வந்துவிட்டான். போன் இல்லை, தகவல் இல்லை. வாசல் மணிகூட அடிக்கவில்லை. கதவைத் திறந்தால் நின்றுகொண்டிருந்தான். கையில் பை இல்லை. "சீக்கிரம் முடிஞ்சிருச்சும்மா," என்றான். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டில் ஊறிப்போன பழக்கம். கழற்றி வைத்த அவன் பூட்ஸைப் பார்த்துத்தான் அவளுக்குத் திக்கென்றது. அடிப்பாகம் முழுக்கத் தேய்ந்து, ஓர் இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் முதலில் சந்தோஷமாக எடுத்துக்கொண்டாள். பேசத் தெரிந்த நாள் முதல் அவள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன், இப்போது தமிழிலேயே பேசினான். தேடித் தேடி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து.

வடக்கே எங்கோ மலைக்காடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் வானம் பழுப்பேறிக் கிடந்தது. பகல் பதினொரு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. சூரியன் ஆறிப்போன தோசைக்கல்லைப் போல ஒரு மூலையில் தொங்கியது. ஜன்னல்களை எல்லாம் அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்து, காற்றைச் சுத்தம் பண்ணும் மெஷினை ஓடவிட்டிருந்தும் புகை வாசனை எப்படியோ உள்ளே வந்து திரைச்சீலையில், தலையணையில், அவள் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நெடுஞ்செழியன் காலையில் போனைப் பார்த்து, "இன்னிக்கு ஏர் ரொம்ப மோசம், வெளிய போகாத," என்று சொல்லிவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனார்.

தீபக் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான்.

அவள் துணி மடிக்கும்போது மேலே அவன் காலடி கேட்கும். ஓர் அறை. நிற்பான். அடுத்த அறை. அலமாரிக் கதவு திறக்கும் சத்தம், ஹாங்கர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கராஜுக்குப் போய் அட்டைப்பெட்டிகளை நகர்த்துவான். குனிந்து கட்டிலுக்கடியில் பார்ப்பான். ஒருமுறை குளியலறையில் எட்டிப் பார்த்தாள். காலியான தொட்டிக்குள் கைவிட்டு, மேலே கிடக்கும் எதையோ விலக்குகிற மாதிரி மெதுமெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடற? சொன்னா நான் எடுத்துத் தர மாட்டனா?"

அவன் நிமிர்ந்தான். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துத் தூசி தட்டினான். தொட்டி பளபளவென்று இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நீ போ."

வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் இப்படித்தான் இருக்கும் என்று மறுநாள் அவனை லிவர்மோர் கோயிலுக்குக் கிளப்பினாள். அவள்தான் டிரைவ் பண்ணினாள். ஃப்ரீவேயில் வழக்கத்தைவிட வண்டிகள் குறைவு. எல்லா வண்டிகளும் முகப்பு விளக்கை எரியவிட்டு, புகைக்குள் மிதந்துகொண்டிருந்தன. தீபக் கால்களை இருக்கைமேல் இழுத்து வைத்துக்கொண்டு, சின்ன வயதில் மழைநாளில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தான். திடீரென்று அவன் இடது கை நீண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தது. அழுத்தவில்லை. மெல்லத் திருப்பினான். கார் பக்கத்துத் தடத்துக்கு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான்.

"டேய்! என்ன பண்ற?"

"சாரிம்மா. மேல ஏத்திடுவியோன்னு."

"எது மேல?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த எக்ஸிட்டிலேயே காரைத் திருப்பி அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும்போது அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. முன்னால் கிடந்த ரோடு முழுக்க வெறுமையாக இருந்தது. அவள் கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்த மறுத்தது.

அடுத்த நாள் மதியம் போன் வந்தது. கப்பலில் இருப்பவர்களின் குடும்பங்களுக்குத் தகவல் சொல்லும் அந்த அம்மாளின் குரலை எழிலரசிக்கு நன்றாகத் தெரியும். எப்போதும்போல உற்சாகமான குரல். ஒரு சின்ன விஷயம், எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த ரோந்தைக் கொஞ்சம் நீட்டித்திருக்கிறார்கள், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, கப்பலில் எல்லாரும் நலம், கவலைப்படாமல் இருங்கள், உங்கள் மகனை நினைத்துப் பெருமைப்படுங்கள் என்றாள்.

"கப்பல் இன்னும் கரைக்கு வரலையா?" என்று எழிலரசி இங்கிலீஷில் கேட்டாள்.

இல்லை. புறப்பட்டதிலிருந்து கடலுக்கடியில்தான் இருக்கிறது.

"யாரும் முன்னாடியே இறங்கலையா? உடம்பு சரியில்லாம, வேற ஏதாவது?"

யாருமே இல்லை என்றாள் அந்த அம்மாள். குரலில் சின்ன ஆச்சரியம்.

போனை எப்படி வைத்தாள் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பேக்யார்டில், எலுமிச்சை மரத்தடியில் தீபக் நின்றுகொண்டிருந்தான். மாஸ்க் இல்லை. வானத்திலிருந்து சாம்பல் துகள்கள் பூவாக உதிர்ந்து அவன் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தன. தட்டிவிடாமல் நின்றான். கழுத்தில் அந்தப் பிறவி மச்சம். வலது காது மடலில், சைக்கிளில் விழுந்து தையல் போட்ட தழும்பு. அவள் பெற்ற பிள்ளைதான். ஒரு மயிரிழை மாற்றமில்லை.

அவன் உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"போன் வந்துச்சாம்மா?"

"நீ யாருடா?"

"தீபக்மா."

"தீபக் கடலுக்குள்ள இருக்கானாம்."

"ஆமாம்மா. இப்ப அங்கதான் இருக்கேன்." அவன் தரையில் உட்கார்ந்தான். ஹாலின் நடுவில் அந்த வெற்றிடத்தைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில். "மெசேஜ் இன்னும் வரல. அதனால எனக்கு எதுவும் தெரியாது. தூங்கிட்டிருப்பேன். இல்லன்னா வாட்ச் டியூட்டில இருப்பேன்."

"என்ன மெசேஜ்?"

காற்று மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"இனிமேதான் வரும். எனக்கு வந்தாச்சும்மா, சுடச் சொல்லி. டிரில்னுதான் எல்லாரும் நெனச்சோம். சரி பாத்தோம். மறுபடி சரி பாத்தோம். கரெக்டா இருந்துச்சு. யாரும் கத்தல, அழல. பிராக்டிஸ் பண்ண மாதிரியே எல்லாம் பண்ணினோம். மிசைல் எல்லாம் கிளம்பிப் போச்சு. ஒவ்வொண்ணு போகும்போதும் கப்பல் லேசா ஆடும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் கேட்டுக்கிட்டே இருந்தோம். ஒண்ணுமே வரல. எந்தச் சேனல்லயும். எந்த நாட்டுப் பாஷையிலயும்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அப்புறம் மேல வந்தோம். நான் கரையிலேர்ந்து நடந்தே வந்தேன்."

"யாருக்காகடா பண்ணீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தெரியலம்மா. வேணாம்னு சொல்ல மேல யாரும் மிச்சமில்ல."

அவள் அந்த வெற்றுக் கார்பெட்டைப் பார்த்தாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"அங்க யாரு?"

"அப்பா."

"நான்?"

தீபக் அவளைப் பார்க்கவில்லை. மாடிப்படியை, கராஜ் கதவை, பாண்ட்ரியை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். தோற்றுப்போனவன் பார்ப்பதைப் போல.

"உன்னை இன்னும் கண்டுபிடிக்கலம்மா. எல்லா எடத்துலயும் தேடிட்டேன். இங்க இருக்கும்போதே உன்கிட்ட தமிழ்ல பேசியிருக்கலாம்னு வழியெல்லாம் தோணிச்சு."

அவன் எழுந்து மாடிக்குப் போனான். சுவரோரமாக.

எழிலரசியின் உடம்பு தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. அந்த இடத்தில் நெடுஞ்செழியன் விழக் கூடாது. அங்கே அவர் கால் படவே கூடாது. ஜன்னலோரம் கிடந்த பெரிய சோஃபாவைப் பிடித்து இழுத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. விடவில்லை. முழங்காலால் முட்டி, முதுகால் தள்ளி, ஹாலின் நடுவுக்குக் கொண்டுவந்து, அந்த வெற்றிடத்தை முழுதாக மறைத்துப் போட்டாள். இனி அங்கே யாரும் நிற்க முடியாது. விழ முடியாது. பாத்திரக் கடையில் பேரம் படிந்தது போல ஒரு சின்ன நிம்மதி வந்தது.

புருஷனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

மாடியில் ஆபீஸ் அறைக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தாள். கப்பலுக்கு எழுதும் முகவரி. தீபக், மெசேஜ் வந்தால் நம்பாதே, எதையும் தொடாதே, நாங்கள் எல்லாரும், என்று இங்கிலீஷில் வேகவேகமாக அடித்தாள். நின்றாள். இதை முதலில் படிக்கப் போகிறவர் யாரோ ஒரு முகம் தெரியாத ஆள். படித்த கணமே நிறுத்திவிடுவார். ஒரு தாய் இப்படி எழுதினாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவன் மனம் கலையக் கூடாது. அவன் கை நடுங்கக் கூடாது. அந்தக் கப்பல் இருப்பதே அதற்குத்தான்.

அழித்தாள். வேறு மாதிரி எழுதினாள். அழித்தாள். நாலு வரியில் ஒளித்து எழுதிப் பார்த்தாள். அவளுக்கே புரியவில்லை. கடைசியில் திரையில் நின்றது இவ்வளவுதான்: நாங்கள் நலம். இங்கே கொஞ்சம் புகை. நன்றாகச் சாப்பிடு.

அனுப்பினாள். போய்விட்டது.

அறையிலிருந்து வெளியே வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. காற்று மெஷின் நின்றுபோயிருந்தது. தீபக் அறை திறந்து கிடந்தது. காலி. வெளியே பழுப்பு போய், ஜன்னல்கள் எல்லாம் ஒரு மாதிரி வெளுத்திருந்தன. மேகம் விலகிய வெளிச்சம் இல்லை. நிழல் விழாத வெளிச்சம்.

படியில் பாதி இறங்கியதும் பார்த்தாள்.

கராஜ் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. வாசலில் நெடுஞ்செழியனின் ஷூ. புகை அதிகமாகிவிட்டதென்று ஆபீஸில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல், நடு ஹாலில், அவள் இழுத்துப் போட்ட சோஃபாவில், நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்.

"ஐயோ! எந்திரிங்க! என்னங்க, எந்திரிங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். கனமாக இருந்தார். இமை அசைந்தது.

"அஞ்சு நிமிஷம் எழில்," என்றார், தூக்கத்திலேயே. "கண்ணு எரியுது."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் மூடும் சத்தம்.

தீபக் வந்தான். ஒரு கையில் பால் கேன். இன்னொரு கையில் சின்ன எவர்சில்வர் தூக்கு. சுவரோரமாக வரவில்லை. நேராக வந்தான். சோஃபாவின் கால்மாட்டில் மண்டியிட்டான்.

பாலை உள்ளங்கையில் ஊற்றித் தெளித்தான். நெடுஞ்செழியனின் சாக்ஸ்மேல். பேன்ட்மேல். சட்டைமேல். அவர் அசையவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. ஊரில், கோபியில், மாமனாரை எரித்த மறுநாள் காலை, ஆறிய சாம்பலில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கினார்கள். காலிலிருந்து தொடங்கி, மேலே, தலைவரைக்கும். பத்து வயது தீபக், "டாட், வாட் ஆர் தே பிக்கிங் அப்?" என்று கேட்டான். நெடுஞ்செழியன் அவனைத் தூக்கிக் காட்டினார்.

இப்போது அவன் பொறுக்கினான்.

இரண்டு விரலால். பொறுமையாக. காற்றிலிருந்து எதையோ எடுத்தான். தூக்குக்குள் போட்டான். மறுபடி. முழங்கால். இடுப்பு. மார்பு. சத்தமில்லை. அவன் விரல்களுக்கிடையில் ஒன்றுமே இல்லை. உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. கதவு திறந்திருக்கிறது. காரில் சாவி இருக்கும். ஓடலாம். எங்கே? எந்த ரோட்டில்? அவள் முதுகு கண்ணாடிக் கதவில் முட்டியது. கண்ணாடி சுட்டது.

மேடைமேல் அவள் போன் அபாயச் சங்கு போல அலறத் தொடங்கியது. புருஷனின் பாக்கெட்டில் அவர் போனும். சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.

தீபக் நிமிர்ந்தான். திரும்பினான். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. தொலைந்து போன குழந்தையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டெடுத்த முகம்.

"இங்கயாம்மா இருந்த?"

தூக்கை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் காலடியில் உட்கார்ந்தான். பால் விழுந்தது. சில்லென்று இல்லை. எதுவாகவும் இல்லை. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கால் வரவில்லை.

அவன் குனிந்து, அவளுடைய வலது கால் சுண்டுவிரல் இருக்கும் இடத்திலிருந்து, இரண்டு விரலால், நோகாமல் எதையோ எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஊதித் தூசி போக்கினான். தூக்குக்குள் போட்டான்.

இந்த முறை, தூக்கின் அடியில் அது விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.